கைதட்டல் ஒரு கடனா?

சென்ற ஆண்டு எங்கள் பங்கு மண்டபத்தின் மேடையோரம் நின்று நான் ஒரு பொய் சொன்னேன். 'மிக அருமை' என்னும் இரண்டே சொற்கள். சொன்ன வேளையில் அது பொய்யென்று எனக்குத் தோன்றவும் இல்லை. அன்பு என்றே எண்ணியிருந்தேன்.

அந்த மண்டபத்தைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். திருமண வரவேற்பு, ஞாயிறு மறைக்கல்வி, எப்போதாவது ஒரு கண் சிகிச்சை முகாம் என்று கிடந்த கட்டடம் அது. இளைஞர்கள் சிலர் வந்து கேட்டுக்கொண்டதற்கிணங்க, இரு வாரங்களுக்கு ஒருமுறை சனிக்கிழமை மாலையில் அங்கே திறந்த மேடை நடைபெறுகிறது. 'ஓப்பன் மைக்' என்பது அவர்கள் இட்ட பெயர். வாசலில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். பெயரெழுதிய சீட்டை அதில் போட்டுவிட்டு அமர வேண்டும். சீட்டு எடுக்கப்பட்டால் ஐந்து நிமிடம் மேடை அவருடையது. பாடலாம், கவிதை படிக்கலாம், கதை சொல்லலாம், எதுவும் வராவிட்டால் வணக்கம் சொல்லி இறங்கிவிடலாம். கடைசி அரைமணி நேரம் எழுதிவைத்த வசனம் ஏதுமின்றி அப்பொழுதே புனைந்து நடிப்பார்கள். 'ரேஷன் கடை வரிசை, மாமியாரும் மருமகளும்' என்று அவையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தால் போதும், இருவர் எழுந்து வந்து அந்த வரிசையில் நிற்கத் தொடங்கிவிடுவார்கள். யார், எந்தச் சபை, எந்தத் தெரு என்று எவரும் கேட்பதில்லை. கோவிலுக்கு வராதவர்களும் இதற்குத் தவறாமல் வருகிறார்கள் என்பதில் எனக்குச் சற்றே பொறாமையும் உண்டு.

இருசக்கர வாகனப் பட்டறை ஒன்றில் மெக்கானிக்காக இருக்கும் ஓர் இளைஞர், ஒரு கைக்குழந்தையின் தந்தை, இந்த மேடையில் கவிதை படித்தார். நிலவும் ரோஜாவும் கண்ணீரும் தாய்நாடும் வரிக்கு வரி வந்துபோயின. எல்லாம் எங்கோ கேட்டவை. குரல் நடுங்கியது, தாள் நடுங்கியது. படித்து முடித்தபோது மண்டபம் முழுவதும் கைதட்டியது. நானும் தட்டினேன். இறங்கி வந்தவரின் தோளைத் தொட்டு அந்த இரண்டு சொற்களையும் சொன்னேன்.

ஐந்து மாதம் கழித்து ஒரு மாலையில் இரண்டு நோட்டுப் புத்தகங்களோடு அவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். ஐந்நூறு படி அச்சிட அச்சகம் பார்த்தாயிற்று, முன்பணத்துக்கு மனைவியின் சங்கிலியை அடகுவைக்கப் போவதாகவும் சொன்னார். நான் முன்னுரை எழுத வேண்டுமாம். சற்றுத் தயங்கி, "நல்லா யோசிச்சீங்களா தம்பி?" என்றேன். "நீங்கதான சாமி மொதமொதல்ல அருமைன்னு சொன்னீங்க. அதுக்கப்புறந்தான் எனக்குத் தைரியமே வந்துச்சு" என்றார்.

மேடைக்கு வரும் எளிய மனிதருக்கு அவையில் அமர்ந்திருப்பவர் செலுத்த வேண்டிய கடன் யாது? பாராட்டா? உண்மையா? இரண்டும் ஒன்றோடொன்று மோதும்போது எதை முதலில் செலுத்துவது? அன்றிரவு முழுவதும் இதுவே என் மனத்தை அரித்தது.

முன்னேற்பாடின்றிக் கலை படைப்பது நமக்குப் புதியதன்று. ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்று கவிகளை நால்வகையாகப் பகுத்தபோது, கொடுத்த பொருளில் அக்கணமே பாடும் ஆசுகவியை முதலில் வைத்து எண்ணியது நம் மரபு. இன்றும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில் 'ஸ்பெஷல் நாடகம்' ஆடும் கலைஞர்கள் தனித்தனியே அமர்த்தப்பட்டு, சேர்ந்து ஒத்திகை பாராமலே ஓர் இரவு ஒரு மேடையில் கூடி வள்ளி திருமணத்தை நடத்திக் காட்டுகிறார்கள். ஆனால் அந்த ஒத்திகையின்மைக்குப் பின்னால் பல்லாண்டுப் பயிற்சி நிற்கிறது. அத்தகைய கலைஞர் தவறினால் அவை சிரிக்கலாம், அவரும் அதைத் தாங்குவார். பிஸ்கட் டின்னிலிருந்து பெயர் எடுக்கப்பட்டவரின் நிலை வேறு. அவரிடம் பயிற்சியில்லை, புகழில்லை, எழுந்து வந்த துணிவு ஒன்றே இருக்கிறது. அதனால்தான் இங்கே கேட்பவனின் பொறுப்பு கனமாகிறது.

இக்கேள்விக்கு அமெரிக்க நாட்டுத் திறந்த மேடைகளில் ஒன்றுக்கொன்று எதிரான விடைகள் நடைமுறையில் இருந்து வந்துள்ளன. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் உள்ள அப்பல்லோ அரங்கு 1934இல் கறுப்பின மக்களுக்குத் தன் கதவுகளைத் திறந்தது. அவ்வாண்டே புதியவர்களுக்கான 'அமெச்சூர் நைட்' என்னும் போட்டி இரவும் அங்கே தொடங்கியது. மேடையோரம் ஒரு மரத்தின் அடித்துண்டு வைக்கப்பட்டிருக்கும். 'நம்பிக்கை மரம்' என்று அதற்குப் பெயர். அதைத் தொட்டுவிட்டுத்தான் போட்டியாளர் பாடத் தொடங்குவார். பிடிக்காவிட்டால் அவை ஊளையிடும். சங்கு ஒலிக்கும். கோமாளி வேடமிட்ட ஒருவர் துடைப்பத்தோடு வந்து பாடுபவரை மேடையிலிருந்து கூட்டித் தள்ளுவதும் அங்கே வழக்கமாயிற்று. 1934 நவம்பர் 21 அன்று பதினேழு வயதுப் பெண்ணொருத்தி அந்த மேடையேறினாள். நிலையான வீடின்றி ஹார்லெம் தெருக்களில் அலைந்த பெண். ஆடுவதற்கென்று வந்தவள், தனக்கு முன் ஆடிய சகோதரிகளின் திறமையைக் கண்டு அஞ்சி, கடைசி நேரத்தில் பாடுவதென்று முடிவெடுத்தாள். முதற்பரிசு இருபத்தைந்து டாலர் அவளுக்குக் கிடைத்தது. அவள் பெயர் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட். உலகம் போற்றிய பாடகியானாள்.

கண்டிப்பான அவைதான் பொன்னைக் கண்டெடுக்கிறது என்று இந்நிகழ்ச்சியைக் காட்டி வாதிடுவோர் உளர். பொய்யான கைதட்டல் அங்கே இல்லை என்பதை நானும் ஒப்புகிறேன். ஆனால் துடைப்பத்தால் தள்ளப்பட்டு அந்த இரவே வீடு திரும்பியவர்களை யார் எண்ணி வைத்தார்கள்? சிகாகோவில் கட்டுமானத் தொழிலாளியாயிருந்த மார்க் ஸ்மித் என்னும் கவிஞர் 1986இல் 'கிரீன் மில்' என்னும் மதுக்கூடத்தில் தொடங்கிய கவிதைப் போட்டியும் ஏறக்குறைய இவ்வகையே. அவையிலிருந்தே நடுவர்களைப் பொறுக்கி, சுழியம் முதல் பத்து வரை மதிப்பெண் போடச் சொன்னார். கவிதையரங்கில் உறங்கியவர்களை அது எழுப்பிவிட்டது உண்மை. என் ஞாயிறு மறையுரை முடிந்தவுடன் முன்வரிசையார் எண் அட்டைகளைத் தூக்கிக் காட்டினால் என் நிலை என்னவாகும் என்று எண்ணிப் பார்த்தேன். சில ஞாயிறுகளில் அது எனக்கு நன்மையே செய்திருக்கும்.

இதற்கு எதிர்முனையில் இருப்பது எங்கள் மண்டபத்து வழக்கம். யார் எது செய்தாலும் தட்டுவோம். இதில் ஓர் இனிமை உண்டு. ஆயினும் குருமடத்தில் படித்த பாடம் ஒன்று அன்றிரவு எனக்கு எதிராகவே எழுந்து நின்றது. புனித தோமா அக்குவினாசின் 'சும்மா தெயோலோகிக்கா' என்னும் பெருநூலை, தமிழ் மாணவர்களாகிய நாங்கள் 'சும்மா' என்று சொல்லிச் சிரிப்போம். அந்நூலில் அவர் விளையாட்டையும் கேளிக்கையையும் பழிக்கவில்லை. எப்போதும் நாணேற்றி வைத்த வில் முறிந்துபோகும் என்னும் பழங்கதையைச் சொல்லி, மனத்திற்கும் இளைப்பாற்றி வேண்டும் என்கிறார். மக்களை மகிழ்விக்கும் கூத்தரின் தொழில் தன்னளவில் தீயதன்று என்றும் தீர்ப்பளிக்கிறார். ஆகவே என் மண்டபத்துக்கு அவரிடம் அனுமதி கிடைத்துவிட்டது. முகத்துதியைப் பற்றி அவர் சொல்வதுதான் என்னைச் சுட்டது. உடன் வாழ்வோரிடம் இனிமையாகப் பழகுவது ஓர் அறம், நீதியோடு சேர்த்து எண்ணத்தக்க அறம். அந்த இனிமை அளவு மீறி, எதிலும் எல்லோரையும் மகிழ்விக்க மட்டுமே முனையும்போது அது குற்றமாகிறது. ஒரு நன்மையின் பொருட்டு அன்பரைச் சற்று வருந்தச் செய்ய வேண்டிய வேளையும் வரும் என்று அவர் அங்கேயே குறிப்பிடுகிறார். சங்கிலி அடகுக்குப் போகுமுன் அந்த வேளை வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

எப்படிச் சொல்வது என்பது புரியவில்லை. அதற்கு வழிகாட்டியவர் அமெரிக்காவின் நாடக ஆசிரியை வயோலா ஸ்போலின்.

சிகாகோவில் குடியேறிய ஏழைகள் நிறைந்த ஹால்ஸ்டெட் தெருவில் 1889ஆம் ஆண்டு ஜேன் ஆடம்ஸ், எல்லன் கேட்ஸ் ஸ்டார் என்னும் இரு பெண்கள் 'ஹல் ஹவுஸ்' என்னும் இல்லத்தைத் தொடங்கினர். இத்தாலியர், கிரேக்கர், யூதர் எனப் பல இனத்தாரும் வந்து படிக்கவும் பாடவும் நடிக்கவும் கதவு திறந்திருந்த அக்கம்பக்க இல்லம் அது. ஜேன் ஆடம்ஸ் 1931இல் அமைதிக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவ்வில்லத்தில் நீவா பாய்டு என்னும் ஆசிரியை குழந்தை விளையாட்டுகளைக் கொண்டு சமூகப்பணியாளர்களைப் பயிற்றுவித்தார். 1920களில் அவரிடம் பயின்றவர்தான் ஸ்போலின். ருஷ்ய நாட்டிலிருந்து வந்த யூதக் குடும்பத்தின் மகள். 1930களின் இறுதியில் அரசின் வேலைவாய்ப்புத் திட்டமொன்றில் அந்நகரின் ஏழைக் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் நாடகம் கற்பிக்க அமர்த்தப்பட்டபோது, பல மொழி பேசும் வீடுகளிலிருந்து வந்த அவர்களிடம் எழுதிய நாடகத்தைத் திணிக்காமல் விளையாட்டுகளை உருவாக்கினார். அவற்றைத் தொகுத்து 1963இல் அவர் வெளியிட்ட நூல்தான் பின்வந்த உடனடி நடிப்புப் பயிற்சிகளுக்கெல்லாம் அடிநூலாயிற்று. 1959இல் சிகாகோவில் தொடங்கிய புகழ்பெற்ற 'செகண்ட் சிட்டி' அரங்கை நிறுவியவர்களுள் ஒருவர் அவருடைய மகன் பால் சில்ஸ்.

ஸ்போலினின் முறையில் என்னை நிறுத்திச் சிந்திக்க வைத்தது ஒன்று உண்டு. பழிப்பு மனிதனைக் கட்டிப்போடுகிறது என்பது நமக்குத் தெரியும். பாராட்டும் அவ்வாறே கட்டிப்போடுகிறது என்றார் அவர். பிறந்த நாள் முதல் 'நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளை' என்று கேட்டே வளர்ந்தவன் மேடையிலும் பிறர் முகத்தைப் பார்த்தே நடிக்கிறான். கண்முன் நிகழ்வதைக் காணும் ஆற்றலை இழந்துவிடுகிறான். ஆகவே ஒரு காட்சி முடிந்ததும் பார்த்தவர்களிடம் 'நன்றாக இருந்ததா?' என்று அவர் கேட்பதில்லை. மேடையில் இல்லாத ஒரு மேசையை இருப்பதாகப் பாவித்து நடித்தார்களே, அது உங்கள் கண்ணுக்குத் தெரிந்ததா? நடுவில் யாரேனும் அந்த மேசைக்குள்ளேயே நடந்துபோய்விட்டார்களா? இத்தகைய கேள்விகளே அங்கு எழும். இவற்றுக்கு விடை சொல்ல வேண்டுமானால் பார்ப்பவன் உண்மையிலேயே பார்த்திருக்க வேண்டும். தட்டிவிட்டுத் தப்பிக்க இயலாது.

என் பொய்யின் வேர் எங்கே என்பது இதைச் சிந்தித்தபோதுதான் தெரிந்தது. அந்த இளைஞரின் கவிதை மோசம் என்று அறிந்துகொண்டே அருமை என்று நான் சொன்னதாக அதுவரை நினைத்திருந்தேன். நினைவைக் கிளறிப் பார்த்தால் நான் அக்கவிதையைக் கேட்டிருக்கவே இல்லை. இரண்டு வரியில் 'இது இன்னது' என்று முடிவு கட்டிவிட்டு, மறுநாள் திருப்பலிக் கருத்துகளை மனத்திற்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். கேளாமையை மறைக்கவே என் கைகள் தட்டின. துடைப்பத்தோடு வருபவர்கூடப் பாடகரின் முதல் அடியையாவது செவிமடுத்திருப்பார்.

ஸ்போலினின் வழி முழு விடையாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். விளையாட்டு அரங்கில் தீர்ப்பைத் தள்ளி வைக்கலாம், அடகுக்கடை வாசலில் முடியாது. 'அச்சிடலாமா?' என்று ஒருவர் கேட்டபின், 'நான் கண்டது இது' என்று மட்டும் சொல்லி நழுவுவதும் ஒருவகைக் கோழைத்தனமே. ஆனால் முதலில் கண்டவனுக்கே பிறகு தீர்ப்புச் சொல்லும் உரிமை வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுநாள் அந்த இளைஞரை அழைத்து இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னேன். நோட்டுப் புத்தகங்கள் இரண்டையும் முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை படித்தேன். பெரும்பாலும் நிலவும் ரோஜாவும்தான். ஆனால் இரண்டாவது நோட்டின் நடுவில், தலைப்பில்லாத பன்னிரண்டு வரிகள் இருந்தன. வேலை முடிந்து வருபவன் சோப்புத்தூள் போட்டு எத்தனை முறை கழுவினாலும் நகக்கண்ணில் கிரீஸ் போவதில்லை. குழந்தை கைகளை நீட்டுகிறது. அவன் முழங்கையால் அதைத் தூக்குகிறான். அவ்வளவே. அந்தப் பக்கத்தில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன்.

அவர் வந்தபோது அந்தப் பன்னிரண்டு வரிகளில் நான் கண்டதை முதலில் சொன்னேன். மற்றவற்றில் அவரைக் காணவில்லை என்பதையும் சொன்னேன். இப்போது அச்சிட வேண்டாம், சங்கிலி வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன். இறுதியாக, அன்று மேடையோரம் நான் சொன்னது உண்மையன்று என்பதையும் சொன்னேன். அதுதான் கடினமாயிருந்தது. அவர் முகம் கறுத்துவிட்டது. "அப்போ இத்தன நாளு எல்லாரும் சும்மாதான் தட்டுனாங்களா, சாமி?" என்று கேட்டார். மற்றவர்களைப் பற்றி என்னால் விடை சொல்ல இயலவில்லை. நோட்டுகளை எடுத்துக்கொண்டு போனவர் இரண்டு மாதம் மண்டபத்துப் பக்கம் வரவில்லை. தவறு செய்துவிட்டேனோ என்று பல இரவுகள் எண்ணியதுண்டு. இன்றும் முற்றாகத் தெளிந்துவிட்டேன் என்று சொல்வதற்கில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை வந்து கடைசி வரிசையில் அமர்ந்தார். டின்னில் சீட்டுப் போடவில்லை. அன்று எங்கள் ஊர் ஆச்சி ஒருவர் மேடையேறி, தாம் மணமாகி வந்த ஊரின் கதையைச் சொல்லத் தொடங்கினார். பாதியில் நினைவு தவறிப்போயிற்று. ஒலிவாங்கியைப் பிடித்தபடி நின்றார். மண்டபம் அமைதியாயிருந்தது. வழக்கம்போல் இரண்டு பேர் கைதட்டத் தொடங்கினார்கள், ஆச்சியை அன்போடு இறக்கிவிட. அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆச்சி, கெணத்துல வாளி விழுந்துச்சுன்னு சொன்னீங்களே, அப்புறம் யாரு எறங்குனது?"

கைதட்டல் நின்றது. ஆச்சி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "எங்க மாமாதான் எறங்குனாவ" என்று மீண்டும் சொல்லத் தொடங்கினார்.