நோய் விசாரிக்க நாம் போகாத வீடு

அடுத்த வீட்டு வாலிபருக்குக் காய்ச்சலென்றால் ஆரஞ்சுப் பழத்துடன் ஓடுகிறோம். அவரே, காதில் யாரோ பேசுவதாகச் சொல்லி, உறக்கமின்றி அறைக்குள் முடங்கிவிட்டால் நம் கால்கள் அந்த வாசலை மறந்துவிடுகின்றன. இது நியாயந்தானா?

புத்தி தெளியும்வரை அவர்மீது குற்றம் எழுதப்படுவதில்லை என்பது மார்க்கத்தின் தீர்ப்பு. ஆனால் நீங்கியது அவருடைய கடமைதான். அவருக்கு நாம் செய்யவேண்டிய கடமை நீங்கவில்லை. நோயாளியை விசாரிப்பது ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம்மீதுள்ள ஹக்கு என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். உடல்நோய், மனநோய் என்ற பேதம் அதில் இல்லை.

“ஸலாமுக்குப் பதில்கூடச் சொல்வதில்லையே” என்பீர்கள். மயங்கிக் கிடப்பவரும் சொல்வதில்லை. அவரைப் பார்க்காமலா இருக்கிறோம்?

இந்நோய் பெரும்பாலும் 15 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையில் தலைகாட்டுகிறது. தொடக்கத்திலேயே மருத்துவரிடம் சென்றவர்களில் பலர் தேறுகிறார்கள். தேறி வருபவருக்குத் தோழர் எவரும் மிஞ்சவில்லையென்றால் அவர் எங்கே திரும்பி வருவார்? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடிக் காப்பகத் தீயில் 28 மனநோயாளர் மாண்டனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட இயலவில்லை. அந்தச் சங்கிலியைக் கண்டித்தோம். சங்கிலிக்கு முன்பே மனிதரைத் தனிமையாக்கும் நம்மை யார் கண்டிப்பது?

என்னுடன் ஓதிய ஒருவரை நானும் அப்படி மறந்திருந்தேன். ஓராண்டு கழித்துச் சென்றபோது அவர் கேட்டது ஒன்றே: “பயணம் போயிருந்தீங்களா?”

வாதமோ உபதேசமோ வேண்டாம். மஃரிபுக்குப் பின் கால்மணி நேரம் அவரருகே அமருங்கள். மருத்துவரிடம் துணையாகச் செல்லுங்கள். அதற்கான தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.