தோள் கொடுப்பார் யார்?

பண்டரிபுரத்துப் புண்டலீகனின் சரிதம் பக்தர்கள் அறியாததன்று. முதுமையுற்ற தாய் தந்தையர்க்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த அவனது வாயிலில் கண்ணபிரானே வந்து நின்றபோது, பணி முடியுமளவும் நிற்கும்படி ஒரு செங்கல்லை எடுத்திட்டான் என்பது ஐதீகம். பகவான் சினந்தாரில்லை, இடையில் கைவைத்து அக்கல்லின்மேல் நின்றார். இக்கதை கேட்டு அந்த மகனைப் புகழாதார் இலர். ஆயினும், அவனுக்குத் துணை நின்றவர் யார்? உறக்கமின்றிக் கழிந்த இரவுக்குப் பின் அவனைச் சற்றே சாயச் சொல்லித் தாம் விசிறியைக் கையில் வாங்கியவர் யார்? கதை அதனைக் கூறவில்லை, கேட்போரும் வினவுவதில்லை.

சேவூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் விடியற்காலையில் பனியன் கம்பெனி வேன் வந்து நிற்கிறது. தையலில் கைதேர்ந்த ஒரு பெண், மாமியார் பக்கவாதத்தில் விழுந்தபின் அதில் ஏறுவதில்லை. பீஸ் ரேட் கூலி நின்றுவிடுகிறது. வீட்டிலிருந்தே பிசிறு வெட்டிக் கொடுத்துச் சிறிது ஈட்டுகிறாள். படுத்த உடல் புண்ணாகாதிருக்க இரண்டு மணிக்கொருமுறை திருப்பிப் படுக்கவைத்தல் வேண்டும். இரவிலும் அதற்கு விலக்கில்லை. இ.எஸ்.ஐ. திட்டத்தில் தொழிலாளி தாமே நோயுற்றால் ஆண்டில் 91 நாள்வரை ஊதியத்தில் 70 சதவிகிதம் பெறலாம். நோயுற்ற மூத்தோரின் அருகே அமர்ந்த நாளுக்கு அத்தொகை இல்லை. 2007-ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோரைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகளுக்கு விதித்தது. பராமரிப்பவர்க்குத் துணையாவார் யார் என்பது அதன் பேச்சன்று.

ஊரார் அவளைப் ‘புண்ணியவதி’ என்கின்றனர். கொழுந்தனாரும் நாத்தனாரும் பண்டிகைக்கு வந்து, ஹார்லிக்ஸ் புட்டியை வைத்துவிட்டு, அதையே சொல்லி விடைபெறுகின்றனர். அச்சொல் பொய்யன்று, ஆனால் சொல்லிவிட்டு நகர்வதில் ஒரு சாதுரியம் உண்டு. தர்மம் முழுவதும் அவளுடையது என்று தீர்த்துவிட்டால், தம் தோளுக்கு வேலையில்லை அன்றோ?

ஜகத்தைத் தாங்கும் எம்பெருமானுக்கே கைங்கர்யத்தை ஒருவராய்ச் செய்து முடிப்பார் எவருமிலர். திருமஞ்சனத் தீர்த்தம் கொணர்பவர் ஒருவர். தளிகை செய்பவர் ஒருவர். திருமாலை கட்டுபவர் வேறொருவர். அர்ச்சகர்க்கும் முறை உண்டு. திருவீதியில் பெருமாளை எழுந்தருளப் பண்ணும் ஸ்ரீபாதந்தாங்கிகள் வழியிலேயே தோள் மாற்றுகின்றனர். மாற்றிக்கொண்டவர் பக்தியில் குறைந்தவர் என்று யாரும் சொன்னதில்லை. மாற்றாவிடில் பல்லக்கன்றோ சாயும்!

பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், கேரளத்தில், அக்கம்பக்கத்தார் வாரத்தில் இரண்டு மணி நேரமேனும் ஒதுக்கிப் படுத்த நோயாளரின் இல்லங்களுக்குச் செல்லும் தொண்டு வேரூன்றியிருக்கிறது. 2008-இல் அம்மாநில அரசு இவ்வகை ஆதரவுச் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கையே வகுத்தது. தமிழகத்திலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் இல்லம் தேடி வருகின்றனர். மிகவும் நன்று. அவர்கள் சென்றபின் எஞ்சும் நீண்ட பொழுதோ உறவினர்க்கும் அயலார்க்கும் உரியது.

ஆலயம் வர இயலாதார்க்கும் சேவை சாதிக்கவே பெருமாள் வீதிக்கு எழுந்தருளுகிறார் என்பர் பெரியோர். மேளம் கேட்டு அவள் வாசலுக்கு ஓடிவருகிறாள், கற்பூர ஆரத்தி முடியுமுன் உள்ளே இருமல் கேட்கிறது, திரும்பிவிடுகிறாள். அண்டை வீட்டார் ஒருவர் அவ்வேளை கட்டிலருகே அமர்ந்திருப்பின், அவள் நிதானமாகச் சேவித்து, சடாரி பெற்று, தமக்காக அமர்ந்திருப்பவர்க்கும் துளசியைக் கையில் ஏந்தி மெல்ல வீடு திரும்பலாம்.