சிங்கத்தைப் பார்த்தவள்

மெய்ப்பாட்டியல் பாடம் எடுக்கும்போது ஒவ்வோர் ஆண்டும் நான் சற்று அதிக நேரம் நின்றுவிடும் இடம் ஒன்று உண்டு. தொல்காப்பிய உரையில் பேராசிரியர் அங்கே ஒரு வாதத்தை வைக்கிறார். சிங்கத்தைக் கண்டு அஞ்சி ஒருவன் ஓடிவருகிறான். அவனை இன்னொருவன் பார்க்கிறான். பார்க்கிறவனுக்கு அச்சம் வருவதில்லை. சிரிப்பு வரலாம், இரக்கம் வரலாம். அவன் கண்டது அஞ்சியவனைத்தான், சிங்கத்தை அல்ல. இளம்பூரணரோ, நடிப்பவரிடம் விளைந்தது காண்பவரிடம் வந்து சேர்வதே மெய்ப்பாடு என்னும் செயிற்றியத்தின் கருத்தை எடுத்துக்காட்டுகிறார். சேருமா, சேராதா? மாணவர்களுக்கு இது ஐந்து மதிப்பெண் வினா. எங்கள் ஊர்த் திரைப்பட விழாவில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு அது வேறொரு கேள்வியாகிவிடுகிறது: இந்த அரங்கில் சிங்கத்தைப் பார்த்தவர்கள் யார்?

அங்கே ஷாந்தால் ஆக்கர்மானின் ‘ழான் தீல்மன்’ திரையிடப்பட்டது. 1975இல் வந்த படம்; அப்போது ஆக்கர்மானுக்கு 25 வயது. ‘ஆணின் பார்வை’ பற்றிய லாரா மல்வியின் கட்டுரை வெளியானதும் அதே ஆண்டில்தான். 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் நடத்திவரும் வாக்கெடுப்பில், 2022இல் இது முதலிடம் பெற்றது. அந்த இடத்துக்கு ஒரு பெண் இயக்கிய படம் வந்தது அதுவே முதல்முறை. 201 நிமிடங்கள் ஓடுகிறது. பிரஸ்ஸல்ஸ் நகரில் ஒரு விதவை, பள்ளிக்குப் போகும் மகன், ஒரு சிறிய வீடு, மூன்று நாள்கள். சமைக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், விளக்கை அணைக்கிறாள், மகனின் ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறாள். பிற்பகலில் ஓர் ஆண் வருகிறான். பணம் கொடுத்துவிட்டுப் போகிறான். அந்தப் பணம் சாப்பாட்டு மேசையில் இருக்கும் பீங்கான் சாடிக்குள் போகிறது. கேமரா அசைவதில்லை.

இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு குழைந்துவிடுகிறது. அவள் பானையைத் தூக்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்குள் நடக்கிறாள். நம் அரங்கில் சிரிப்பு வந்தது அங்கேதான். உரத்த சிரிப்பு இல்லை. பின்வரிசையில் தொடங்கி, தொற்றிக்கொண்டு, சில பெண்களிடமும் வந்து நின்ற சிரிப்பு. என் பக்கத்தில் இருந்த முதுகலை மாணவி மட்டும் சிரிக்கவில்லை. “பையன் வர்ற நேரமாச்சே மேம்” என்றாள், மெதுவாக. பிரெஞ்சு தெரியாது, பெல்ஜியம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் யோசிப்பாள். ஆனால் குழைந்த உருளைக்கிழங்குக்கும் மகன் வரும் நேரத்துக்கும் நடுவே இருப்பது என்ன என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

படம் முடிந்தபின் நடந்த கலந்துரையாடலில் ஒருவர், இதை இருபது நிமிடத்தில் சொல்லியிருக்கலாமே என்றார். இருபது நிமிடத்தில் சமைத்து முடிக்கலாம் என்று நினைப்பவர்தான் அதைச் சொல்ல முடியும் (அவருக்குக் கைதட்டல் கிடைத்தது).

சிரித்ததற்காக ஒருவரைக் குறை சொல்ல முடியுமா? மெய்ப்பாடு உடம்பில் தோன்றுவது. மயிர்க்கூச்செறிவதையும் கண்ணீர் வருவதையும் யாரும் முடிவுசெய்து செய்வதில்லை. நம் வசத்தில் இல்லாததற்கு நாம் எப்படிப் பொறுப்பாக முடியும்? வலுவான வாதம்தான். ஆனால் எங்கே சிரிப்பது என்று அந்த உடம்புக்கு யாரோ பல ஆண்டுகளாகக் கற்றுத்தந்திருக்கிறார்கள். புருஷனிடம் அடிவாங்குபவள், பருத்த உடல்காரி, சமையல் தெரியாத மருமகள் எல்லோரும் நம் நகைச்சுவைக் காட்சிகளின் மூலதனம். நகைக்கான நிலைக்களன்களாகத் தொல்காப்பியம் சொல்லும் நான்கில் எள்ளல் ஒன்று, பேதைமை ஒன்று. தடுமாறும் பெண்ணைக் கண்டதும் முதலில் அவளைப் பேதையாக்கி, பிறகு எள்ளுவதற்குக் கண் பழகிவிட்டது. பழக்கத்தால் வந்தது பழக்கத்தால் மாறும் என்றால், பொறுப்பும் அங்கே இருக்கிறது. அதற்காக இருட்டில் “உஷ்” சொல்லும் கண்காணிப்பாளர்களை எனக்குப் பிடிக்காது. மர்ஸியே மெஷ்கினியின் ஈரானியப் படத்தில், கருப்புச் சாதர் அணிந்த பெண்கள் கடலோரமாகச் சைக்கிள் பந்தயத்தில் போகிறார்கள். அவர்களில் ஒருத்தியைத் திருப்பி அழைக்கக் கணவன் குதிரையில் துரத்திவருகிறான். பிறகு விவாகரத்துக்காக முல்லாவும் குதிரையில் வருகிறார். அங்கே முதலில் சிரித்தவர்கள் பெண்கள். அந்தச் சிரிப்பை நான் எதற்கும் விட்டுத்தர மாட்டேன்.

அழுகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாலிபான் ஆட்சியில் பிழைப்புக்காகச் சிறுவனாக வேடமிட்ட சிறுமியின் கதை ‘ஒஸாமா’. 2003இல் வந்த ஆப்கானியப் படம். அது ஓடியபோது அரங்கே மூக்கை உறிஞ்சியது. சிரித்தவர்களைவிட அழுதவர்கள் மேலானவர்கள் என்று எண்ணிக்கொள்வது எளிது. பேராசிரியர் அதற்கு இடம் தரவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது: சிரிப்பையும் இரக்கத்தையும் அவர் ஒரே வரிசையில் வைக்கிறார். இரண்டுமே சிங்கத்தைப் பார்க்காதவனுக்கு வருபவை. ஆப்கன் சிறுமிக்காக அழுத ஒருவர், வெளியே தேநீர் குடித்தபடி, மகளை வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்பாததற்கான காரணங்களை எனக்கு நிதானமாக விளக்கினார். அவர் கண்கள் அப்போதும் சிவந்திருந்தன. அந்த அழுகை பொய்யில்லை. அது அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான்.

‘ழான் தீல்மன்’ மாலை ஆறு மணிக்குத் தொடங்கியது. எட்டரைக்கு மேல் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கடைசி டவுன் பஸ், வீட்டில் மாவு அரைக்க வேண்டும், மாமியார் மருந்து. மாணவியும் விடுதி கேட் மூடுமுன் ஓடினாள். மூன்றாம் நாள் அவள் கத்தரிக்கோலை எடுப்பதையும், பிறகு இருண்ட அறையில் மேசை முன்னால் பல நிமிடங்கள் அப்படியே உட்கார்ந்திருப்பதையும் பார்க்க, என்னையும் சேர்த்து அரங்கில் நான்கு பெண்களே இருந்தோம். நீளமான படம் என்றால் நம் பெண்களுக்குப் பொறுமை இல்லை என்று அமைப்பாளர் ஒருவர் வருத்தப்பட்டார். அடுத்த ஆண்டு மூன்று மணி நேரத்தைத் தாண்டும் படங்களைக் காலை பத்து மணிக்குப் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். காலைக் காட்சிக்குக் கூட்டம் வராது என்றார்கள். எந்தக் கூட்டம் என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.