முதல் மொழி உடைய மாணவர்: ஆங்கிலக் கல்வியில் மொழிபெயர்ப்பின் மெய்யியல்

ஒரு மொழியில் உணரப்பட்ட பொருள் மற்றொரு மொழிக்குள் குறைவுபடாமல் சென்று சேருமா என்பது மெய்யியலாரின் வினா. ஆங்கில வகுப்பறையில் தமிழ் ஒலிக்கலாமா என்பது ஆசிரியர்களின் வினா. முன்னது ஆய்வாளரின் தனிமைக்கும் பின்னது பாடவேளையின் நெருக்கடிக்கும் உரியதாகத் தோன்றினாலும் இரண்டும் வேர் அளவில் ஒன்றே. வகுப்பில் மொழிபெயர்ப்பைத் தடுப்பவரும் அதனைப் போற்றுபவரும், தாம் அறிந்தோ அறியாமலோ, சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இன்னது என்று முன்னரே முடிவு செய்துகொண்டவர்கள். அந்த முடிவு சரியா என்று ஆராயாமல் கற்பிக்கும் முறைகளை மட்டும் எடைபோடுவது அடித்தளத்தைப் பாராமல் சுவரை அளப்பதாகும்.

மொழிபெயர்ப்பு என்னும் செயலைத் தமிழ் மரபு மிகத் தொன்மையான காலத்திலேயே அறிவுப் பணியாக மதித்தது. முதல்நூல் ஒன்றைப் பின்பற்றி எழுதப்படும் நூலை வழிநூல் என்று பெயரிட்ட தொல்காப்பியம், அதன் வகைகளுள் ஒன்றாக மொழிபெயர்ப்பையும் மரபியலில் எண்ணியுள்ளது. இதனினும் கல்விக்கு நெருக்கமானது உரை மரபு. பழஞ்செய்யுளைக் கற்பிக்கும் உரையாசிரியர், சொல்தோறும் பொருள் கூறும் பதவுரையையும், கருத்தைத் திரட்டித் தரும் பொழிப்புரையையும் தந்து மாணவரை மீண்டும் செய்யுளிடமே திருப்பி அனுப்புகிறார். தமிழிலிருந்து தமிழுக்கே நிகழும் மொழிபெயர்ப்பு இது. உரையைப் படித்து முடித்தவர் மூலத்துக்குத் திரும்பாவிட்டால் கல்வி முற்றுப்பெறாது. திரும்பியவருக்கோ அதே செய்யுள் முன்பு தராத பொருளைத் தருகிறது. மொழிபெயர்ப்பின் பயன் சென்று சேர்வதில் மட்டுமன்றித் திரும்பி வருவதிலும் இருக்கிறது என்பதை இம்மரபு செயலால் உணர்த்துகிறது.

சொல்லின் பொருள் எங்கிருந்து பிறக்கிறது என்பது பற்றி இந்திய மெய்யியலில், வேத வாக்கியங்களின் பொருளை ஆராயும் மீமாம்சை நெறியினரிடையே, கூர்மையான வாதம் ஒன்று நிகழ்ந்தது. சொற்கள் முதலில் தத்தம் பொருளைத் தனித்தனியே உணர்த்துகின்றன, பின்னர் அப்பொருள்கள் ஒன்றோடொன்று இயைந்து வாக்கியப் பொருளாகின்றன என்பது குமாரிலரின் வழிவந்தோர் கொள்கை. இதற்கு அபிகிதான்வயம் என்று பெயர். சொற்கள் ஒருபோதும் தனித்துப் பொருள் தருவதில்லை, வாக்கியத்தில் பிற சொற்களோடு இயைந்த நிலையிலேயே பொருள் உணர்த்துகின்றன என்பது பிரபாகரரின் வழிவந்தோர் கொள்கை. இது அன்விதாபிதானம் எனப்படும். பிரபாகரர் பிரிவினர் தம் கொள்கைக்குச் சான்றாகக் குழந்தை மொழி கற்கும் காட்சியை எடுத்துக்காட்டினர். பெரியவர் ஒருவர் பசுவைக் கொண்டுவருமாறு மற்றொருவருக்குக் கட்டளையிடுகிறார். அவர் சென்று கொண்டுவருகிறார். அடுத்து, பசுவைக் கட்டுமாறும் குதிரையைக் கொண்டுவருமாறும் கட்டளைகள் மாறுகின்றன. அருகில் நின்று பார்க்கும் குழந்தை, எந்தச் சொல் நீங்கும்போது செயலில் எது நீங்குகிறது, எந்தச் சொல் சேரும்போது எது சேர்கிறது என்று கவனித்துச் சொற்களைப் பிரித்தறிகிறது. இங்கே மொழிபெயர்ப்புக்கு இடமே இல்லை, வாழ்க்கையே அகராதியாகிறது.

பிற்கால ஐரோப்பாவில் மொழிக் கல்வியாளரிடையே எழுந்த பூசல் இவ்வாதத்தின் மறுபிறப்பைப் போன்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பள்ளிகளில் பரவியிருந்த இலக்கண மொழிபெயர்ப்பு முறை, விதிகளையும் சொற்பட்டியல்களையும் மனப்பாடம் செய்யவைத்துத் தொடர்பற்ற வாக்கியங்களை மொழிபெயர்க்கச் செய்தது. சொற்பொருளைத் தனித்தனியே சேர்த்து வாக்கியத்தை எழுப்பிவிடலாம் என்பது அதன் உள்ளார்ந்த நம்பிக்கை. மொழிக் கல்வி திசை திரும்ப வேண்டும் என்று அறைகூவிய வில்ஹெல்ம் ஃபியட்டரின் சிறுநூல் 1882இல் ஜெர்மனியில் வெளிவந்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1878இல், அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் மாக்சிமிலியன் பெர்லிட்ஸ் தம் முதல் மொழிப்பள்ளியைத் தொடங்கியிருந்தார். கற்கும் மொழியை அம்மொழியிலேயே, பொருள்களைக் காட்டியும் செயல்களைச் செய்தும் கற்பிக்கும் நேர்முறை இவ்வாறு வேரூன்றியது. குழந்தை தாய்மொழியைக் கற்ற வழியே எந்த மொழிக்கும் உரிய இயற்கை வழி என்பது இம்முறையின் அடிக்கல்.

அந்த அடிக்கல்லைத்தான் மெய்யியல் தட்டிப்பார்க்க வேண்டும். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் வட ஆப்பிரிக்க ஆயராகிய அகுஸ்தீனார் தம் ஒப்புதல் நூலில், பெரியவர்கள் பொருளைச் சுட்டிப் பெயர் சொல்லக் கேட்டுத் தாம் பேசக் கற்றதாக எழுதுகிறார். அச்சமின்றிச் செவிலியரின் அன்பினூடே லத்தீன் தம்மிடம் வந்து சேர்ந்ததையும், தண்டனைக்கு அஞ்சிக் கற்ற கிரேக்கம் கசந்ததையும் அவரே ஒப்பிட்டுக் காட்டுகிறார். 1953இல் வெளிவந்த தம் மெய்யியல் ஆய்வுகள் நூலை இந்தப் பகுதியைக் கொண்டே தொடங்கும் விட்கென்ஸ்டைன், ஒரு நுட்பமான குறையைக் கண்டார். ஏற்கெனவே ஒரு மொழி உடையவர் வேற்றுநாட்டுக்கு வந்து அந்நாட்டு மொழியைக் கற்பதைப் போலவே அகுஸ்தீனார் குழந்தையின் கற்றலை வருணித்துவிட்டார் என்பது அவர் கருத்து. குழந்தையைப் பற்றிய வருணனையாக அது பிழையே. ஆனால் இரண்டாம் மொழி கற்பவரைப் பற்றிய வருணனையாக அது முற்றிலும் உண்மை. ஆங்கில வகுப்பில் அமர்ந்திருக்கும் பத்து வயது மாணவி உலகத்தை முதன்முறை பார்ப்பவள் அல்லள். பசுவும் பாசமும் பொய்யும் நாளையும் அவளுக்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் பெற்றவை. நேர்முறை அவளை மீண்டும் மொழியற்ற குழந்தையாகப் பாவிக்கிறது. அகுஸ்தீனார் குழந்தையை மொழி உடையவராகப் பாவித்ததன் நேர்எதிர்ப் பிழை இது.

சுட்டிக்காட்டுவதால் மட்டும் பொருள் உறுதியாகிவிடுவதில்லை என்பதை அமெரிக்க மெய்யியலாளர் குவைன் 1960இல் வெளியிட்ட சொல்லும் பொருளும் என்னும் நூலில் காட்டினார். முன்பின் அறியாத மொழி பேசுவோர் ஓடும் முயலைக் கண்டு ஒரு சொல்லை ஒலித்தால், அச்சொல் முயலையே குறிக்கிறதா, முயலின் ஒரு பகுதியைக் குறிக்கிறதா, முயலின் கணநேர நிலையைக் குறிக்கிறதா என்பதைக் கண்ணால் கண்டதை மட்டும் கொண்டு தீர்மானிக்க இயலாது என்பது அவர் வாதம். ஆசிரியர் மாம்பழத்தைக் கையில் ஏந்தி ஆங்கிலச் சொல்லைக் கூறும்போது மாணவர் குழம்பாமல் இருப்பதற்குக் காரணம், அவர் மனத்துக்குள் மாம்பழம் என்ற தமிழ்ச்சொல் அக்கணமே எழுந்துவிடுவதுதான். தடைசெய்யப்பட்ட வகுப்பிலும் மொழிபெயர்ப்பு நிகழ்கிறது. ஆசிரியரின் பார்வைக்கு எட்டாமல், திருத்துவாரின்றி நிகழ்கிறது என்பதே வேறுபாடு.

ஆயினும் சொல்லுக்குச் சொல் நிகர் உண்டு என்று இதனால் முடிவாகாது; இல்லை என்பதைச் சமய நூல்களின் மொழிபெயர்ப்பு வரலாறே தெளிவாகக் காட்டும். ஆங்கிலத்தில் 'வீ' என்னும் ஒரே சொல் நிற்கும் இடத்தில் தமிழ், கேட்பவரையும் உள்ளடக்கும் 'நாம்' என்றும் அவரை விலக்கும் 'நாங்கள்' என்றும் இரண்டு சொற்களை வைத்திருக்கிறது. விவிலியத்தைத் தமிழாக்கியவர்கள் இறைவனை நோக்கிய மன்றாட்டில் 'எங்கள்' என்றே எழுத வேண்டியிருந்தது; பாவமன்னிப்பு வேண்டும் கூட்டத்தில் மன்னிப்பவரும் ஒருவராகிவிட முடியாது. அதே கூட்டத்தாரை நோக்கிப் போதகர் பேசும்போதோ 'நம்' என்பதே பொருந்தும். மூலத்தில் வெளிப்படாமல் கிடந்த ஓர் உறவைத் தமிழ் இலக்கணம் வெளிப்படையாகக் கேட்கிறது. விடை சொல்ல மொழிபெயர்ப்பாளர் இறையியலாளராகவும் ஆக வேண்டியிருக்கிறது. அவ்வாறே, ஆங்கிலம் 'ஃபெய்த்' என்றும் 'ஹோப்' என்றும் பிரிப்பதை அன்றாடத் தமிழ் நம்பிக்கை என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால், தமிழ் விவிலியம் முன்னதற்கு விசுவாசம் என்ற சொல்லை ஆண்டது. ஒரு மாணவர் இவ்விரு ஆங்கிலச் சொற்களுக்கும் நம்பிக்கை என்றே எழுதிவிட்டு, பிறகு ஏன் இரண்டு சொற்கள் என்று கேட்கத் தொடங்கும்போது, அவருக்கு ஆங்கிலமும் சமயமும் தமிழும் ஒருசேரத் திறக்கின்றன.

இலக்கணத்திலும் இதே வாயில் உண்டு. தமிழர் 'எனக்குப் பசிக்கிறது' என்கிறார். பசி அவருக்கு வந்து நேர்கிறது. ஆங்கிலேயர் 'ஐ ஆம் ஹங்ரி' என்கிறார். அங்கே பசி 'நான்' என்னும் எழுவாயின் பண்பாக நிற்கிறது. உடைமையைச் சொல்ல ஆங்கிலத்தில் தனி வினை இருக்க, தமிழோ 'எனக்கு இரண்டு தங்கைகள்' என்று நான்காம் வேற்றுமையால் உறவை உணர்த்தி அமைகிறது. ஆங்கிலத்தின் 'எ', 'தி' என்னும் சிறு சொற்கள் தமிழ் மாணவரைப் பல ஆண்டுகள் துன்புறுத்துவதை ஆசிரியர் யாவரும் அறிவர்; தமிழில் அவற்றுக்கு நிகரே இல்லை என்று சொல்லி விதிகளை மனப்பாடம் செய்யவைப்பதே வழக்கமாகிவிட்டது. ஆனால் 'புத்தகம் வாங்கினார்' என்பதற்கும் 'புத்தகத்தை வாங்கினார்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எந்தத் தமிழ்ச் சிறுவரும் உணர்வர். இரண்டாம் வேற்றுமை உருபாகிய 'ஐ' மறைந்து நிற்கையில் ஏதோ ஒரு புத்தகமும், வெளிப்பட்டு நிற்கையில் முன்பே பேசப்பட்ட அந்தப் புத்தகமும் பெரும்பாலும் மனத்தில் தோன்றும். இவ்வொப்புமை எல்லா இடத்திலும் பொருந்தாது. ஆயினும் அந்நிய விதியாகத் தோன்றிய ஒன்று தமக்குள் ஏற்கெனவே வாழும் உணர்வுதான் என்று மாணவர் கண்டுகொள்ள இது போதும். இக்கண்டுபிடிப்பை மொழிபெயர்த்து ஒப்பிடும் பயிற்சியே எளிதில் தர முடியும்.

மொழிபெயர்ப்புக்கு எதிராகக் கூறப்படும் குறைகளில் உண்மை இல்லாமல் இல்லை. பாடம் முழுவதையும் ஆசிரியரே தமிழில் சொல்லிவிட, மாணவர் விடைகளை நெட்டுருச் செய்து தேர்வில் ஒப்பித்து, பள்ளிப் பருவம் முடிந்தும் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேச இயலாமல் நிற்கும் அவலம் மறைக்கத்தக்கதன்று. ஆனால் அங்கே நிகழ்வது மாணவரின் மொழிபெயர்ப்பு அன்று. ஆசிரியரின் மொழிபெயர்ப்பை மாணவர் சுமப்பது. பதவுரையோடு நின்று செய்யுளுக்குத் திரும்பாத கல்வியே அது. திரும்புதலைக் கட்டாயமாக்கிய முறை ஒன்றை, பின்னாளில் அரசியான எலிசபெத்துக்கு ஆசிரியராக இருந்த ரோஜர் ஆஸ்கம் வகுத்தார். அவர் மறைவுக்குப் பின் 1570இல் வெளிவந்த நூலில் அது விளக்கப்பட்டுள்ளது. லத்தீன் பகுதி ஒன்றை மாணவர் ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டும். இடைவெளி விட்டு, மூலத்தைப் பாராமல், தம் ஆங்கிலத்திலிருந்து மீண்டும் லத்தீனை எழுத வேண்டும். பின்னர் மூலத்தோடு வைத்து ஒப்பிட வேண்டும். ஆங்கிலேயர் தம் தாய்மொழியின் துணைகொண்டே செம்மொழி ஒன்றைக் கற்ற இவ்வழியைத் தமிழ் மாணவர் ஆங்கிலம் கற்கப் பயன்படுத்துவதில் இழிவு ஏதுமில்லை. மூல ஆங்கிலப் பகுதிக்கும் தமிழிலிருந்து அவர் மீண்டும் எழுதிய ஆங்கிலப் பகுதிக்கும் இடையே தோன்றும் விலகல்களே அவருக்கு உரிய பாடநூலாகும்.

தாய்மொழியை வகுப்பிலிருந்து விலக்குவது கற்பித்தல் நுட்பமாக மட்டும் இருந்ததில்லை. 1961இல் உகாண்டாவின் மகரேரேயில் கூடிய காமன்வெல்த் மாநாட்டுச் சிந்தனையில் ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பிப்பது சிறந்தது என்ற கருத்து ஊன்றியிருந்தது என்றும், அது ஆதிக்கம் சார்ந்த போலிக் கொள்கை என்றும் மொழியியலாளர் ராபர்ட் பிலிப்சன் 1992இல் வாதிட்டார். மாணவர் ஏற்கெனவே அறிந்தவற்றை ஒன்றுமில்லாதவையாக எண்ணச் செய்யும் கல்வி, அவருடைய மொழியோடு சேர்த்து அவருடைய தன்மதிப்பையும் வாயிலில் நிறுத்திவிடுகிறது.

இதற்கு மாறான மனப்பாங்குக்கு யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலரின் வாழ்வு சிறந்த சான்று. வெஸ்லியன் மிஷன் பள்ளியில் ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்த அவர், பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்குத் துணையாக விவிலியத்தின் தமிழாக்கத்தில் பல ஆண்டுகள் உழைத்தார். அம்மொழிபெயர்ப்பு 1850இல் அச்சேறியது. பிறர் மறைநூலின் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்ட அந்த உழைப்பு அவரைச் சைவத்திலிருந்து விலக்கவில்லை; சைவத்துக்குத் தெளிந்த உரைநடையும் வினாவிடை நூல்களும் தந்தவர் அவரே. ஒன்றின் பொருளை உள்ளபடி உணர்தல் வேறு, அதனை ஏற்று ஒழுகுதல் வேறு என்பதையும், முன்னது முழுமையாக நிகழப் பின்னது தேவையில்லை என்பதையும் அவர் பணி நிறுவுகிறது.

ஆகவே தொடக்கத்து வினாவுக்கு விடை இவ்வாறு அமையும்: பொருள் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் குறைவுபடாமல் செல்வதில்லை, அந்தக் குறைவைக் கண்டறிவதே இரண்டாம் மொழிக் கல்வியின் உயிர். 'வீ' என்னும் சொல்லின் முன் நின்று, இங்கே 'நாமா', 'நாங்களா' என்று ஒரு மாணவி தயங்கும் கணத்தில், ஆங்கிலம் எதனைச் சொல்லாமல் விடுகிறது என்பதையும் தமிழ் எதனைச் சொல்லாமல் விட மறுக்கிறது என்பதையும் அவள் ஒருங்கே அறிகிறாள். அத்தயக்கத்தை அவளுக்கு அளிக்கும் வகுப்பறையே அவளை ஏற்கெனவே ஒரு மொழி உடையவளாக மதித்த வகுப்பறை.