அடைபட்டிருக்கிறாயா?



இரண்டு வருஷமாகப் படுக்கையிலிருக்கும் ஒரு தாயாருக்காக ஜெபிக்கப் போயிருந்தேன். "பாஸ்டர், நான் சபைக்கு வந்து எத்தனை நாளாச்சு! நாலு சுவருக்குள்ளே அடைபட்டுக் கிடக்கிறேன். இனி என்னால ஆண்டவருக்கு என்ன பிரயோஜனம்?" என்று அழுதார்கள். அந்த 'அடைபட்டு' என்ற வார்த்தை என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்து வேதத்தில் தேடினேன்.

எபிரெய மொழியில் 'அட்சூர்' என்று ஒரு சொல் உண்டு. அடைபட்டிருப்பது, தடுத்து வைக்கப்பட்டிருப்பது என்று பொருள். சொல் ஒன்றுதான், ஆனால் அடைபட்டவர்கள் பலவிதம்.

1 சாமுவேல் 21:7-ஐப் பாருங்கள். தோவேக்கு கர்த்தருடைய சந்நிதியில் தடைபட்டிருந்தான். அங்கேயும் அதே வேர்ச்சொல்தான். சரீரம் ஆலயத்தில், கண்ணோ தாவீதின்மேல்! பிற்பாடு அவன் கையால் 85 ஆசாரியர்கள் வெட்டுண்டார்கள்.

நெகேமியா 6:10-ல் செமாயா தன் வீட்டில் அடைபட்டிருந்தான். அவனுக்குள் இருந்ததோ கூலிக்கு விற்கப்பட்ட வாய். தேவமனுஷனைப் பயமுறுத்தி, ஆலயத்துக்குள் ஒளிந்துகொள்ளச் சொன்னான்.

எரேமியாவும் அடைபட்டவர்தான். 36-ம் அதிகாரத்தில் அவர் ஆலயத்துக்குப் போக முடியவில்லை. சும்மா இருந்தாரா? அவர் சொல்லச் சொல்ல பாரூக்கு எழுதினான். ஜனங்கள் கேட்க வாசித்தான். ராஜா அந்தச் சுருளை அறுத்து நெருப்பில் போட்டான். மறுபடியும் எழுதினார்கள், முன்னிலும் அதிகமாக! 33-ம் அதிகாரத்தில் அவர் காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கும்போதே கர்த்தருடைய வார்த்தை இரண்டாந்தரம் வந்தது. கதவு பூட்டியிருந்தது, வானம் பூட்டியிருக்கவில்லை. அல்லேலூயா!

இதன் இரகசியம் என்ன? எரேமியா 20:9-ல் அதே 'அட்சூர்' வருகிறது. அங்கே அடைபட்டிருப்பது மனுஷன் அல்ல, அக்கினி! கர்த்தருடைய வார்த்தை அவர் எலும்புகளுக்குள் நெருப்பாய் அடைபட்டிருந்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. அந்த நெருப்பை எந்தச் சிறையும் அணைக்கவில்லை.

அடுத்த வாரம் அந்தத் தாயாரிடம் இதைச் சொன்னேன். "அம்மா, சுவர் உங்களை அடைத்திருக்கிறது. உங்களுக்குள்ளே என்ன அடைபட்டிருக்கு?" என்று கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "சபையிலே கஷ்டப்படுறவங்க பேரையெல்லாம் எழுதிக் கொடுங்க பாஸ்டர், நான் ஜெபிக்கிறேன்" என்றார்கள். அந்தத் தாள் இன்று அவர்கள் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

பிரியமானவர்களே, நல்ல காலோடு வாராவாரம் சபைக்கு வருகிற நம்மைத்தான் இந்தச் சொல் அதிகமாய்க் கேட்கிறது. சந்நிதியில் உட்கார்ந்திருக்கிறோம், உள்ளே இருப்பது எது? தோவேக்கின் கண்ணா, எரேமியாவின் அக்கினியா?

இன்றே முழங்கால்படியிடுங்கள். "ஆண்டவரே, என் கதவு திறந்தாலும் திறக்காவிட்டாலும் உமது அக்கினி என் எலும்புகளில் இருக்கட்டும்" என்று கேளுங்கள். கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.