ஜபம் வேறு, சாட்சி வேறு



சத்சங்கத்துக்குப் புதிதாக ஒருவர் வருகிறார். வாசலில் நிற்பவரிடம் ஒரு சந்தேகம் கேட்கிறார். பதில் கிடைக்கிறது. உள்ளே போய் இன்னொருவரிடம் கேட்கிறார். அதே பதில், அதே வார்த்தைகள். நமக்கு அது ஒற்றுமை. வந்தவருக்கோ எல்லோரும் ஒப்பிக்கிறார்கள் என்று படுகிறது. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விடுகிறார். "அவருக்கு இன்னும் பக்குவம் வரவில்லை" என்கிறோம். அதையும் ஒரே குரலில்தான் சொல்கிறோம்.

இப்படி ஒப்பிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் சென்னை அடையாற்றில் தொடங்கிய ஒரு வரலாறு இருக்கிறது. 1909-ல் அங்கே கடற்கரையில் கிருஷ்ணமூர்த்தி என்ற சிறுவனைப் பிரம்மஞான சபையின் லெட்பீட்டர் கண்டார். உலககுரு இறங்கப்போகும் திருமேனி இதுவே என்றார். அன்னி பெசன்ட் அம்மையாரும் ஏற்றார். அந்த வருகைக்காக 1911-ல் ஓர் அமைப்பே உருவானது. உறுப்பினர்கள் வெள்ளி நட்சத்திரம் அணிந்தார்கள். அவ்வருடம் டிசம்பர் 28 அன்று காசியில், 16 வயதுப் பிள்ளை உறுப்பினர் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தபோது, வரிசையில் வந்தவர்கள் அவர் காலில் விழத் தொடங்கினார்கள். அவர்களுக்கு அது தெய்வ சாந்நித்தியம். பெற்ற தகப்பனாரோ, பிள்ளையைத் திருப்பித் தரும்படி அடுத்த ஆண்டே நீதிமன்றம் போனார். மகனைத் தெய்வமாக்குவதும் அவருடைய மனக்குறைகளில் ஒன்று.

1929 ஆகஸ்ட் 3. ஹாலந்தில் ஓமன் முகாம். பெசன்ட் அம்மையாரும் ஆயிரக்கணக்கான அன்பர்களும் கூடியிருக்க, கிருஷ்ணமூர்த்தி அந்த அமைப்பைக் கலைத்தார். சத்தியத்தை எந்த அமைப்பாலும் கொண்டுவந்து தர முடியாது, தன்னைப் பின்பற்ற யாரும் வேண்டாம் என்றார். 18 வருஷம் சொல்லிச் சொல்லிப் பழகிய நம்பிக்கை, யாரைப் பற்றியதோ அவர் வாயாலேயே முடிந்தது. பலர் தவித்துப்போனார்கள். கேட்டது மட்டுமே கையில் இருந்தவர்களுக்கு அதன்பின் என்ன மிஞ்சும்? இன்று அவருடைய வாக்கியங்களையே மனப்பாடமாகச் சொல்கிறவர்களும் உண்டு. அமைப்பைக் கலைத்தாலும் இந்தப் பழக்கம் தானாகப் போவதில்லை.

அப்படியானால் நாமஜபம் கூடாதா, பாராயணம் கூடாதா? தாராளமாகச் செய்யுங்கள். ஜபம் பகவானிடம் சொல்வது. எத்தனை முறை சொன்னாலும் தகும். "இதுதான் உண்மை" என்று இன்னொரு மனிதரிடம் சொல்வது சாட்சி. சாட்சி சொல்கிறவர் பார்த்திருக்க வேண்டும். பார்க்காததைப் பார்த்ததுபோலச் சொன்னால், வெளியிலிருந்து வருபவர் அதைச் சட்டென்று கண்டுகொள்வார். அது அவருடைய அபக்குவம் இல்லை, நம்முடைய குறை.

பார்த்துச் சொல்ல வேண்டுமானால் முதலில் கேட்டுத் தெளிய வேண்டும். கேள்வி குருத்துரோகம் அல்ல. நசிகேதன் எமனிடமே கேட்டான். பிப்பலாதரிடம் ஆறு பேர் வந்து ஆறு கேள்வி கேட்டதுதான் பிரச்ன உபநிஷத்து. "எப்படிக் கேட்கலாம்?" என்று அவர் யாரையும் அதட்டவில்லை. ஒரு வருஷம் தவமிருந்துவிட்டு வந்து கேளுங்கள், எனக்குத் தெரிந்தால் சொல்கிறேன் என்றார். தெரிந்தால் என்றார், அத்தனை பெரிய ரிஷி!

இந்த வாரம் இதைச் செய்யுங்கள். தினமும் சொல்லும் ஒரு நம்பிக்கையை எடுத்துக்கொண்டு, குருநாதரின் சொல் ஒன்றுகூடக் கலக்காமல், உங்கள் சொந்தப் பேச்சில் வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிப் பாருங்கள். எது கேட்டது, எது அனுபவித்தது என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறீர்களோ அங்கிருந்து உங்கள் சாதனை தொடங்கட்டும். குருவருள் துணை நிற்கட்டும்.