கேட்காத கேள்விக்கு வந்த பதில்

தி.நகரிலோ அடையாறிலோ மேல் கடைவாயில் ஒரு இம்ப்ளான்ட் வைக்கப் போகிறீர்கள். முதலில் சிபிசிடி ஸ்கேன். எலும்பு எவ்வளவு உயரம் இருக்கிறது என்று பார்க்கத்தான் எடுக்கிறார்கள். ஆனால் அந்தப் பற்களின் வேருக்கு நேர் மேலே, கன்னத்துக்குள், சைனஸ் என்கிற காற்றறை இருக்கிறது. பல்லைப் படமெடுத்தால் அதுவும் சேர்ந்தே விழும். ரிப்போர்ட்டின் கடைசியில் ஒரு வரி: சைனஸ் சவ்வில் தடிப்பு. "அப்படின்னா என்ன டாக்டர்? கேன்சரா இருக்குமோ?"

பெரும்பாலும் ஒன்றுமில்லை. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களிடமும் இந்தத் தடிப்பு சகஜம். சில நேரம் பல் வேரில் பிடித்த சீழ் மேலேறிச் சைனஸைக் கெடுத்திருக்கும். அபூர்வமாகக் கட்டியும் இருக்கலாம். அதனால் "பாவம், எதுக்குப் பயமுறுத்தணும்" என்று சொல்லாமல் விடுவதைக் கருணை என்று என்னால் ஏற்க முடியவில்லை. என் உடம்பைப் பற்றி இன்னொருவர் எனக்காக எடுக்கும் முடிவு அது.

சரி, சொல்லிவிட்டால் கடமை முடிந்ததா? தென் கொரியாவில் ஸ்கேன் பரவலான பிறகு, 2011-இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993-ஐப் போல 15 மடங்கு ஆனது. அந்த நோயால் இறப்பவர்களின் விகிதம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அறுவை சிகிச்சைக்குப் போனார்கள். பார்க்க முடிந்ததாலேயே நோயாளி ஆனவர்கள் அவர்களில் நிறையப் பேர்.

இதே சைனஸைப் பற்றி 1651-இல் எழுதிய ஆங்கிலேய மருத்துவர் நதானியேல் ஹைமோர், ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறார். பல் பிடுங்கிய இடத்தில் ஓட்டை. அதில் ஒரு இறகை விட்டுப் பார்த்தவள், அது உள்ளே போய்க்கொண்டே இருந்ததும் மூளைக்கே போய்விட்டது என்று நடுங்கிப்போனாள். அங்கே இயல்பாகவே ஒரு வெற்றறை உண்டு என்று ஹைமோர் விளக்கி அவளைத் தேற்றினார். ஓட்டை அப்படியேதான் இருந்தது. அதற்கு ஒரு அளவு கிடைத்தது.

நம் ரிப்போர்ட்டுகளில் இல்லாதது அந்த அளவுதான். "ஈ.என்.டி. டாக்டரைப் பார்க்கவும்" என்று மட்டும் எழுதினால் எழுதியவர் தப்பித்துவிடுகிறார், பயம் கைமாறி மயிலாப்பூர் வீட்டு வரைக்கும் வருகிறது. அன்றிரவு முழுக்க கூகிள். எவ்வளவு சகஜம், எது வந்தால் கவலைப்படணும், எதுவரை சும்மா இருக்கலாம் என்று சொல்ல ஐந்து நிமிடம் போதும். ஸ்கேனுக்கு முன்பே "பல்லைத் தவிர வேறயும் தெரியும், பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டால் இன்னும் நல்லது.

தெரிந்துகொள்ளும் உரிமையைப் பற்றி நிறையப் பேசுகிறோம். தெரிந்ததன் எடை எவ்வளவு என்று கேட்கும் உரிமையும் அதற்குள்ளேயே இருக்கிறது. சொல்பவர் அந்த எடையில் பாதியையாவது கொஞ்ச நேரம் நம்மோடு சேர்ந்து தூக்க வேண்டும்.